கொலு பொம்மைகள்: ஏறும் விலையில் சேகரிப்பை வளர்ப்பது

நவராத்திரிக் கொலுவில் ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். கொலு வெறும் பண்டிகை அலங்காரமாக நின்றுவிடாமல் தலைமுறை தாண்டிய சேகரிப்பாக வளர்வது இந்த வழக்கத்தால்தான். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வரும் மரப்பாச்சி ஜோடியில் தொடங்கி, முப்பது நாற்பது ஆண்டுகளில் நூறு இருநூறு பொம்மைகளைச் சேர்த்துவிட்ட குடும்பங்கள் நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தாம்பரத்திலும் உண்டு. ஆனால் இந்தப் பகுதிகளில் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது பரண் சிறுத்தது; அதே காலத்தில் பொம்மை விலையும் ஏறியது. புதிதாகக் கொலு வைக்கத் தொடங்கும் இளம் தம்பதிக்கு ஒரு முழு தசாவதார செட்டின் விலையே மலைப்பைத் தருகிறது. செலவு எங்கே உண்டாகிறது என்பது தெரிந்தால் அதை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பதும் தெரியும்.

விலைக்குள் என்ன இருக்கிறது

மண் பொம்மையின் விலையில் மண்ணின் பங்கு மிகச் சிறியது. ஏரிக் களிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலிக்கிறார்கள். ஊறவைத்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து, இரு பாதிகளையும் ஒட்டி, ஒட்டிய கோட்டை ஈரத்துணியால் வழித்து, நிழலில் உலர்த்துகிறார்கள். பிறகு சூளை. சூளையிலிருந்து வந்ததும் வெள்ளைப்பூச்சு, அதன்மேல் உடல் நிறம், உடை, கரை, நகை, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கண். ஒரு பொம்மை பலர் கைபட்டுத்தான் கடைக்கு வருகிறது. அச்சு அழுத்தும் வேலையையும் உடை நிறம் பூசுவதையும் புதியவர் சில மாதங்களில் பழகிவிடலாம். முகம் எழுதுவது அப்படியல்ல. புருவ வளைவும் கருவிழியின் இடமும் நூலிழை தவறினாலும் அம்மன் முகம் மிரண்ட முகமாகிவிடும். அந்தக் கை பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது.

அந்தக் கைகள் குறைந்து வருவதே விலையேற்றத்துக்கு முதல் காரணம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது, ஆண்டில் சில மாதம் மட்டுமே பணம் பார்க்கும் தொழிலில் பொம்மைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிற்பதில்லை. நிற்பவருக்குக் கூலி கூடுகிறது, கூடத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் மழை. நவராத்திரி புரட்டாசியில் வருகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் பொம்மை உலர்வது தள்ளிப்போகும். உலராததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் தைக்கும் ஆடிக்கும் நடுவில் உற்பத்தியின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டியிருக்கிறது. பொம்மை விற்கும்வரை முதலீடு முடங்கிக் கிடக்கிறது, கடன் வாங்கிய முதலுக்கு வட்டி ஓடுகிறது.

மூன்றாவது, வழியில் உடைவது. வைக்கோலும் பழைய காகிதமும் வைத்துக் கட்டி லாரியில் ஏற்றினாலும் ஒவ்வொரு சுமையிலும் விரல் போனது, வில் போனது, மூக்கு சிதைந்தது என்று சில கழியும். அந்த நஷ்டத்தைக் கடைக்காரர் மற்ற பொம்மைகளின் தலையில்தான் வைக்க முடியும். வண்டிச் சத்தமும் கடை வாடகையும் அதற்கு மேல்.

வரி இதில் பெரிய காரணமல்ல. களிமண் சிலைகளுக்கான ஜிஎஸ்டியை 2017 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முழுவதுமாக நீக்கியது. மண் எடுப்பதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது: மண்பாண்டத் தொழிலாளர்கள் ஏரி, குளங்களிலிருந்து களிமண்ணை வட்டாட்சியரின் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024-ல் தமிழக அரசு வழி செய்தது. ஆக, பொம்மை விலை பெரும்பாலும் மனித உழைப்பின் விலை. வாங்குபவர் இதை மனதில் வைத்துக்கொண்டால், எதில் பேரம் பேசலாம், எதில் பேசக்கூடாது என்பது தானாகப் புரியும்.

எந்தப் பொம்மை எத்தனை கொலு காணும்

சேகரிப்பாளர் பார்க்க வேண்டிய விலை, கடைக்காரர் சொல்லும் விலை அல்ல. அதை அந்தப் பொம்மை நிற்கப்போகும் கொலுக்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையே உண்மையான விலை. எடுத்துக்காட்டாக, 250 ரூபாய் பொம்மை ஐந்து கொலுவில் பொரிந்துபோனால் ஆண்டுக்கு 50 ரூபாய். 900 ரூபாய் பொம்மை முப்பது கொலு கண்டால் ஆண்டுக்கு 30 ரூபாய்தான்.

இந்தக் கணக்கில் நன்றாகச் சுட்ட மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் முன்னால் நிற்கின்றன. மண் பொம்மையை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். சுட்டது சரியாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் ஒலி மங்கும். காகிதக்கூழ் எடை குறைவு, கை தவறி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும், பெரிய உருவத்தையும் ஒரே ஆள் தூக்கி வைக்கலாம். அதன் பகைவர்கள் ஈரமும் பூச்சியும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை மலிவு. அச்சில் ஊற்றியதும் இறுகிவிடுவதால் சூளைச் செலவு இல்லை. ஆனால் எடை அதிகம், ஓரங்கள் பொரியும், உள்ளே ஈரம் ஏறினால் பெயின்ட் தோலாக உரியும். உடைந்தபின் என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. பிளாஸ்டர் சிலைகளை நீர்நிலைகளில் கரைக்கக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாத வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. எனவே உடைந்த பிளாஸ்டர் பொம்மையை ஏரியில் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஃபைபர் பொம்மைகள் உடையாதவை. குழந்தைகள் கைபடும் கீழ்ப்படிக்குப் பொருத்தம். அவற்றின் முகங்களில் உயிர் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மரப்பாச்சி தனி வகை. பழைய மரப்பாச்சிகள் செம்மரத்திலும் கருங்காலியிலும் கடைந்தவை. செம்மர வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், இன்று கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிவப்பு மரப்பாச்சி பெரும்பாலும் வேறு மரத்தில் சாயம் ஏற்றியது. அதில் தவறில்லை, ஆனால் செம்மர விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டும். வீட்டில் பாட்டியின் மரப்பாச்சி இருந்தால் புதியது வாங்கவே தேவையில்லை. லேசாக நல்லெண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

உயரமும் செட்டும்

பொம்மையின் உயரம் இரண்டு மடங்கானால் பெயின்ட் பூச வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. உருவம் கெட்டியாக இருந்தால் எடை எட்டு மடங்கு. ஆறு அங்குலப் பொம்மைக்கும் பன்னிரண்டு அங்குலப் பொம்மைக்கும் விலை வித்தியாசம் இரட்டிப்போடு நிற்காததன் காரணம் இதுதான். அடுக்ககத்து ஹாலில் ஐந்து படி வைப்பவருக்கு மேல்படியில் கலசத்தின் இருபுறமும் இரண்டு பெரிய பொம்மைகள் போதும். மற்றவை ஆறு முதல் எட்டு அங்குலத்துக்குள் இருந்தால் செலவும் அடங்கும், இடமும் அடங்கும், கண்ணுக்கும் ஒழுங்காக இருக்கும்.

செட் வாங்குவதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். எல்லா செட்டும் ஒரே மாதிரி அல்ல. தசாவதாரம், அஷ்டலட்சுமி, நவக்கிரகம் போன்றவை ஒரே அளவில், ஒரே கையின் எழுத்தில் இருந்தால்தான் எடுக்கும். இந்த ஆண்டு மச்சம், அடுத்த ஆண்டு கூர்மம் என்று வாங்கினால் நிறமும் உயரமும் மாறி, பத்தும் பத்து வீட்டுப் பிள்ளைகள்போல நிற்கும். இவற்றுக்கு இரண்டு ஆண்டு சேமித்து ஒரே தடவையில் வாங்குவது நல்லது. கிராமம், சந்தை, கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம் போன்ற காட்சிகள் அப்படியல்ல. காய்கறிக்காரி ஒரு கடையிலும் வளையல்காரர் வேறு கடையிலும் வாங்கியதாக இருந்தால் சந்தைக்கு அது அழகுதான். கையில் பணம் குறைவாக உள்ள ஆண்டுகளில் இந்தக் காட்சிகளுக்கு ஒன்றிரண்டாகச் சேர்க்கலாம். செட்டியார் செட் ஒன்றும் பழம், தானியம் பரப்பிய கடையும் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கும். சந்தைக் காட்சி அங்கிருந்தே தொடங்கிவிடும்.

எந்த செட் வாங்கினாலும், ஒன்று உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு, செய்தவரின் ஊரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சு அவரிடம் இருக்கும்வரை உடைந்த ஒன்றுக்காக முழு செட்டையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை.

எங்கே, எப்போது வாங்குவது

நவராத்திரிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தாம்பரம், குரோம்பேட்டை கடைத்தெருக்களிலும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலும் பொம்மை வரத்து அதிகம், விலையும் அப்போதே உச்சம். மயிலாப்பூரில் தேர்வு அதிகம். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்கு அருகே விளாச்சேரி என எல்லா ஊர்ச் சரக்கையும் ஒரே வீதியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் தடவை வாங்குபவர் அங்கே ஒரு சுற்று வந்து, எதையும் வாங்காமல் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புவது நல்ல தொடக்கம். 1973-ல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கிறது. அங்கே விலை எழுதியிருக்கும்; வெளியில் கேட்கும் விலை நியாயமா என்று பார்க்க அது ஓர் அளவுகோல்.

தென்சென்னைப் புறநகரில் இருப்பவருக்கு மயிலாப்பூரைவிட நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. சின்ன காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெரு, வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் பகுதியில், செய்பவர்களே குடியிருந்து விற்கும் தெரு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு ரயில் உண்டு, பேருந்தும் உண்டு. திண்ணையில் வெள்ளைப்பூச்சோடு வரிசையாகக் காயும் பொம்மைகளையும், ஒரே நிறத்தை ஐம்பது பொம்மைக்கும் பூசிவிட்டு அடுத்த நிறத்தைத் தொடும் வேலை முறையையும் அங்கே நேரில் பார்க்கலாம். போக வேண்டிய காலம் தை முதல் வைகாசி வரை. அப்போது செய்பவருக்குப் பேச நேரம் இருக்கும், முதலுக்குப் பணமும் தேவைப்படும். முன்பணம் கொடுத்து ஆர்டர் சொன்னால் அளவு, உடை நிறம் எல்லாம் கேட்டபடி கிடைக்கும். கடை லாபமும் வண்டிச் சத்தமும் மிச்சம். திரும்பும்போது அலுவலக நேர ரயிலைத் தவிர்த்து, பொம்மைகளைக் கூடையில் துணி சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்குப் பிறகு வீதிக் கடைகளில் விலை இறங்கும். விற்காததைத் திருப்பி எடுத்துப்போகும் செலவை நினைத்து வியாபாரிகள் தள்ளிக் கொடுப்பார்கள். தனிப் பொம்மைகளுக்கு இது நல்ல நேரம். செட்டுகளுக்கு அல்ல, ஏனென்றால் எஞ்சியவற்றில் ஒன்று குறையும் அல்லது ஒன்று உடைந்திருக்கும். கடைக்காரரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. செய்தவரிடமே போய் அவர் சொன்ன விலையைப் பாதியாகக் கேட்பது தவறு. அந்தப் பாதி, கண் எழுதிய கையின் கூலியிலிருந்துதான் போகும்.

பழைய சேகரிப்புகளை மறந்துவிடக் கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, படி கட்ட முடியாத வயதில் உள்ள பெரியவர்கள் தங்கள் பொம்மைகளை நல்ல வீட்டுக்குக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். அடுக்ககச் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். இன்று எந்த விலைக்கும் கிடைக்காத பழைய வேலைப்பாடு இப்படித்தான் கைமாறுகிறது.

பார்க் காட்சியும் வெளிநாட்டுப் பொம்மையும்

கீழே தரையில் அமைக்கும் பார்க், மிருகக்காட்சி சாலை, கிரிக்கெட் மைதானம், ராணுவ அணிவகுப்பு ஆகியவற்றுக்குச் சிறு பிளாஸ்டிக் பொம்மைகள் வேண்டும். இவற்றின் விலை ஏறியதற்குக் காரணம் வேறு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயம். அதனால் மலிவுச் சீனப் பொம்மை வரத்து வெகுவாகக் குறைந்தது.

மேசைமேல் போர்க்களம் அமைத்து விளையாடும் பொழுதுபோக்குக்காரர்களும் இதே சுமையைத்தான் சுமக்கிறார்கள். 1975-ல் பிரிட்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் போன்ற நிறுவனங்களின் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை சென்னைக்கு வரவழைத்தால், அங்கே ஏறிய விலையோடு அனுப்புச் செலவும் சுங்கமும் சேர்ந்துகொள்கின்றன. அவர்கள் செலவைச் சமாளிக்கும் முறையில் கொலு வைப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிப்பாய்கள் பெயின்ட் பூசாமல் துண்டுகளாகவே விற்கப்படுகிறார்கள். வாங்கியவரே ஒட்டி, நிறம் தீட்டிக்கொள்கிறார். கையில் உள்ளதைத் தீட்டி முடிக்காமல் அடுத்த பெட்டி வாங்குவதில்லை என்பது அவர்களில் பலர் தமக்கே போட்டுக்கொள்ளும் விதி. கொலுவிலும் வெள்ளைப்பூச்சோடு உள்ள பொம்மையை முன்கூட்டிக் கேட்டு வாங்கி வீட்டில் நிறம் தீட்டலாம். மரம், ஆடு, மாடு, குடிசை, காய்கறிக் கூடை என்று தொடங்குவது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அக்ரிலிக் பெயின்ட் கொண்டு இவற்றை நன்றாகவே செய்வார்கள். சுவாமி முகங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

பழுது பார்த்தல்

புதியது வாங்கும் பணத்தில் பாதியைப் பழுது பார்க்கும் பழக்கம் மிச்சப்படுத்தும். முதலில் உடைவது கையில் இருப்பவை: ராமரின் வில், கிருஷ்ணரின் குழல், முருகனின் வேல். வில்லுக்கு மூங்கில் சிம்பை நனைத்து வளைத்துக் காயவைக்கலாம், வேலுக்குப் பித்தளைக் கம்பி. விரல், காது, கிரீட முனை போயிருந்தால் எம்-சீல் பிசைந்து உருவாக்கி, ஒரு நாள் இறுகவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து நிறம் தீட்ட வேண்டும். காகிதக்கூழ் பொம்மைக்கு எம்-சீல் வேண்டாம். நனைத்து அரைத்த செய்தித்தாளுடன் ஃபெவிகாலும் சாக்பீஸ் தூளும் கலந்து அடைத்தால் அதே பொருளாக ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பழைய பொம்மையையும் தண்ணீரில் கழுவக் கூடாது. பழைய வேலைகள் நீரில் கரையும் நிறத்தில் எழுதியவையாக இருக்கலாம். பீடத்தின் பின்புறத்தில் ஈரப் பஞ்சால் ஒரு புள்ளி தொட்டுப் பார்த்து, நிறம் ஒட்டினால் மெல்லிய உலர் பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணும் உதடும் மங்கியிருந்தால் காஞ்சிபுரத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். புதிய பொம்மை வாங்குவதைவிட அது மலிவு; அந்தப் பொம்மையின் வயதும் கெடாது.

படியும் பெட்டியும்

மடக்கு இரும்புப் படிக்குப் பெரும்பணம் செலவழிக்க அவசரம் வேண்டாம். முதல் சில ஆண்டுகளுக்கு டிரங்குப் பெட்டி, மேசை, பெஞ்சு, பலகை போட்டு வெள்ளை வேட்டி விரித்தால் மூன்று படியோ ஐந்து படியோ வந்துவிடும். பொம்மைகளின் உயரமும் எண்ணிக்கையும் நிலைபெற்ற பிறகு படி வாங்கினால் அளவு தவறாது.

அந்தப் பணத்தை முதலில் பெட்டிக்குச் செலவிடுவதே சரி. பொம்மைகள் ஆண்டில் ஒன்பது நாள் படியிலும் மீதி நாளெல்லாம் பெட்டியிலும் இருக்கின்றன. உடைவதும் நிறம் போவதும் பெரும்பாலும் அங்கேதான். பழைய பருத்திப் புடவை, வேட்டித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். காற்றுக் குமிழ் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் மே மாத வெக்கையில் அது பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். துணிக்கு மேல் சுற்றினால் பாதகமில்லை. கனமானவை அடியில், காகிதக்கூழ் மேலே, நீட்டிய கை மேல்நோக்கி. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் ஒவ்வொரு பெட்டியிலும் போடலாம். பெட்டிக்கு எண் எழுதி, உள்ளே உள்ளவற்றின் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு இருப்பதையே மறுபடி வாங்கும் செலவு தவிரும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பது தாம்பரம் பகுதியில் மிக முக்கியம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த காகிதக்கூழ் பொம்மையை உடனே வெயிலில் வைத்தால் மேல்தோல் வெடிக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பல நாள் ஆறவிட வேண்டும். சுட்ட மண் பொம்மை ஈரத்தைத் தாங்கும், அதன் நிறம் தாங்காது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் இருபதாம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. விஜயதசமி சில ஆண்டுகளில் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரும், சில ஆண்டுகளில் அதைத் தொட்டும் வருகிறது. ஆகவே கொலுவைக் கலைத்ததும் பொம்மைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் அந்த வாரமே பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட வேண்டும். பரண் இல்லாதவர்கள் மாடி வீட்டு உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ தை பிறக்கும்வரை கொடுத்து வைக்கலாம்.